ஒரு ஆர்க்செகண்டுக்குள் தொலைநோக்கியை நிறுத்துவது எப்படி?

கேள்வி இது: சிறிய விண்தொலைநோக்கிச் செயற்கைக்கோள் ஒன்றுக்கு 1 ஆர்க்செகண்டு துல்லியம் வேண்டும் என்று அறிவியல் குழு கேட்கிறது. கையில் இருக்கும் ஸ்டார் டிராக்கரின் (நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை சொல்லும் கேமரா) பிழை 5 ஆர்க்செகண்டு. இதைவிட நல்ல டிராக்கர் வாங்கினால் போதுமா, இல்லை கட்டுப்பாட்டு நிரலை மாற்றி எழுத வேண்டுமா?

டிராக்கருக்கும் நிரலுக்கும் போவதற்கு முன்னால் அறிவியல் குழுவிடம் திரும்பிப் போய் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். அந்த 1 ஆர்க்செகண்டு எவ்வளவு நேரத்துக்கு? அந்தத் துல்லியத்தில் தொலைநோக்கி அசையாமல் நிற்க வேண்டுமா, அல்லது அது எங்கே பார்த்துக்கொண்டிருந்தது என்று பிறகு தெரிந்தால் போதுமா? இதற்குப் பதில் கிடைக்காமல் எந்தப் பொருளையும் வாங்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. துல்லியம் என்பது ஒற்றை எண் இல்லை. காலத்தோடு சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள் உண்டு.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு ஆர்க்செகண்டு. ஒரு கிலோமீட்டர் தள்ளி 5 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருள் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் அது. ஹப்பிள் விண்தொலைநோக்கிக்கு விதிக்கப்பட்ட நிலைத்தன்மை 0.007 ஆர்க்செகண்டு. அதாவது 30 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு மில்லிமீட்டர்.

இப்போது அந்தக் கேள்விகளுக்கு வருவோம். நிறமாலைமானியின் (ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் கருவி) குறுகிய பிளவுக்குள் ஒரு நட்சத்திரத்தின் ஒளியை விழ வைக்க வேண்டும் என்றால், தொலைநோக்கி சரியான இடத்தையே பார்க்க வேண்டும். பார்வை எவ்வளவு அசையாமல் நின்றாலும் இடம் தவறினால் ஒளி உள்ளே போகாது. நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்துப் படம் எடுக்கும் கருவிக்குக் கதை வேறு. நட்சத்திரம் 10 ஆர்க்செகண்டு தள்ளி விழுந்தாலும் பரவாயில்லை, ஆனால் அந்த 20 நிமிடமும் ஒரே பிக்சலில் இருக்க வேண்டும். மூன்றாவது வகை, ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவிகள். அவற்றுக்கு அசைவு பெரிய பிரச்சினையே இல்லை. ஒவ்வொரு ஃபோட்டானும் வந்த கணத்தில் தொலைநோக்கி எந்தத் திசையில் இருந்தது என்ற கணக்கு இருந்தால் போதும்.

மூன்றாவது வகைக்கு நல்ல உதாரணம் 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட அஸ்ட்ரோசாட். அதிலுள்ள புற ஊதாத் தொலைநோக்கியான யூவிஐடி கவனிக்கும்போது செயற்கைக்கோளின் பார்வை மெல்ல நகர்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த நகர்வைக் கண்டுபிடிக்கக் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இயங்கும் ஒரு தடம் தனியாக வைத்திருக்கிறார்கள். புற ஊதாத் தடங்கள் விநாடிக்கு கிட்டத்தட்ட 29 சட்டகங்கள் எடுக்கும்படி அமைக்கப்பட்டவை. தரையில் உட்கார்ந்து, நகர்வைக் கழித்து, சட்டகங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கிறார்கள். கிடைக்கும் படத்தின் தெளிவு 1.5 ஆர்க்செகண்டுக்கும் மேம்பட்டது. உடலை அந்த அளவுக்கு இறுக்கிப் பிடிக்காமலேயே இது கிடைத்துவிட்டது. உங்கள் கருவி இப்படிப்பட்டது என்றால் பாதி வேலை மிச்சம்.

சரி, உண்மையாகவே பிடித்து நிறுத்தத்தான் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெற்றிடத்தில், எதுவும் தொடாமல் மிதக்கும் பொருளை ஏன் பிடிக்க வேண்டும் என்று பலர் கேட்பார்கள். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். சூரிய ஒளி, பூமியின் தூரத்தில், ஒரு சதுர மீட்டர் கறுப்புப் பரப்பில் சுமார் 4.6 மைக்ரோநியூட்டன் விசையுடன் அழுத்துகிறது. 10 சதுர மீட்டர் சோலார் பேனல், அழுத்தத்தின் மையம் நிறை மையத்திலிருந்து 30 சென்டிமீட்டர் விலகியிருக்கிறது, கொஞ்சம் எதிரொளிப்பும் உண்டு என்றால், முறுக்குவிசை சுமார் 2 × 10⁻⁵ நியூட்டன் மீட்டர். ஈக்கூட உணராத விசை. ஆனால் நிலைமத் திருப்புத்திறன் (திருப்பலை உடல் எதிர்க்கும் அளவு) 500 கிலோகிராம் சதுரமீட்டர் உள்ள செயற்கைக்கோளை இது 100 விநாடியில் 40 ஆர்க்செகண்டு திருப்பிவிடும். 1000 விநாடியில் ஒரு டிகிரிக்கு மேல். நேரத்தின் இருமடிப்படி வளரும் பிழை என்பதால் சும்மா விட்டுவைக்க வழியே இல்லை. தாழ்வான சுற்றுப்பாதையில் இதோடு ஈர்ப்பு வேறுபாடு (பூமி உடலின் அருகிலுள்ள முனையைத் தூர முனையைவிடக் கொஞ்சம் கூடுதலாக இழுப்பது), பூமியின் காந்தப்புலம், மிச்சமிருக்கும் காற்று மூன்றும் சேர்ந்துகொள்கின்றன. நீளமான உடலுள்ள செயற்கைக்கோளுக்கு ஈர்ப்பு வேறுபாடுதான் பெரும்பாலும் முதலிடம்.

இதை எதிர்த்து நிற்கும் கருவி ரியாக்‌ஷன் வீல். மோட்டாரோடு இணைந்த ஒரு கனமான சக்கரம். சுழல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு உடம்பை இடப்பக்கம் திருப்பினால் நாற்காலி வலப்பக்கம் திரும்பும் அல்லவா, அதே தத்துவம். சக்கரத்தை ஒரு பக்கம் முடுக்கினால் செயற்கைக்கோள் மறுபக்கம் திரும்பும். மூன்று அச்சுக்கு மூன்று போதும், ஆனால் நான்கு வைப்பதுதான் வழக்கம். ஒன்று பழுதானால் சமாளிக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் பலருக்குத் தோன்றுவதில்லை: நான்கு இருந்தால், மொத்த விளைவு பூஜ்ஜியமாகும்படி நான்கின் வேகத்தையும் சேர்த்து மாற்றிக்கொள்ளலாம். செயற்கைக்கோள் அசையாது, சக்கரங்கள் மட்டும் நமக்குப் பிடித்த வேகத்துக்குப் போய்விடும். இதன் அருமை கொஞ்ச நேரத்தில் புரியும்.

சக்கரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சூரிய அழுத்தம் எப்போதும் ஒரே பக்கம் தள்ளினால், அதை ஈடுகட்டச் சக்கரம் வேகமெடுத்துக்கொண்டே போகும். மேலே சொன்ன முறுக்குவிசை ஒரு நாளில் சேர்க்கும் கோண உந்தம் (சக்கரம் சுமக்கும் சுழற்சியின் அளவு) சுமார் 1.7 நியூட்டன் மீட்டர் விநாடி. 10 அலகு கொள்ளளவுள்ள சக்கரம் ஆறு நாளில் நிரம்பிவிடும். அதை வெளியே இறக்கியாக வேண்டும். பூமிக்கு அருகில் காந்தச் சுருள்கள் போதும்: மின்சாரம் பாய்ச்சினால் பூமியின் காந்தப்புலத்தைப் பற்றிக்கொண்டு உந்தத்தை மெல்ல இறக்கும். ஹப்பிளில் த்ரஸ்டரே (வாயுவைப் பீச்சித் தள்ளும் சிறு உந்துபொறி) கிடையாது. புகை ஆடியில் படிந்துவிடும் என்பதால் எல்லாமே காந்தச் சுருள் வேலைதான். 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கிக்கு அந்த வசதி இல்லை. அங்கே பிடித்துக்கொள்ளக் காந்தப்புலம் போதாது, எரிபொருள் செலவழித்துத்தான் இறக்க வேண்டும். ஆகவே ஒரு பெரிய சூரியத்திரையில் ஒளி எந்தக் கோணத்தில் விழுகிறது என்பதுகூட அதன் ஆயுளோடு சம்பந்தப்பட்ட விஷயம்.

இனிதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி. செயற்கைக்கோளைப் பிடித்து நிறுத்தும் அதே சக்கரம்தான் அதை நடுங்கவும் வைக்கிறது. எவ்வளவு கவனமாகச் சமன்செய்தாலும் சக்கரத்தில் துளி சமனின்மை மிஞ்சும். ஒரு கிராம் எடை, மையத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமமான பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் அது விநாடிக்கு 50 தடவை, கிட்டத்தட்ட ஒரு நியூட்டன் விசையோடு உடலைக் குலுக்கும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்கு. சூரிய அழுத்தத்தின் மொத்த விசையைவிட இது பல ஆயிரம் மடங்கு பெரியது. இதோடு நிற்பதில்லை. தொலைநோக்கியின் துணை ஆடியைத் தாங்கும் சட்டத்துக்கு இயல்பான அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ் என்று இருந்துவிட்டால், ஒத்ததிர்வில் அந்த நடுக்கம் பல மடங்கு பெருகும். சக்கரம் பூஜ்ஜிய வேகத்தைக் கடக்கும்போது வேறொரு தொல்லை: தாங்கியில் உராய்வு சட்டென்று திசை மாறும், உடலுக்கு ஒரு சின்ன உதை கிடைக்கும்.

இங்கேதான் நான்காவது சக்கரம் கைகொடுக்கிறது. முக்கியமான படம் எடுக்கும் நேரத்தில் எந்தச் சக்கரமும் பூஜ்ஜியத்தைக் கடக்காமலும், ஆபத்தான அதிர்வெண்களில் நிற்காமலும் வேகங்களை முன்கூட்டியே நகர்த்தி வைக்கலாம். தரையில் ஒவ்வொரு சக்கரத்தையும் அதிர்வு அளக்கும் மேடையில் வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் எவ்வளவு குலுக்குகிறது என்று வரைபடம் எடுப்பது அதனால்தான். கூடவே சக்கரங்களை ரப்பர் அல்லது சுருள்வில் தாங்கிகளில் மாட்டுவதும் உண்டு. இந்த வரைபடத்தைத் தராத சக்கரத்தை ஒரு ஆர்க்செகண்டுக்குக் குறைவான துல்லியம் கேட்கும் பணிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம் உணரிகள். ஸ்டார் டிராக்கர் ஒரு சின்னக் கேமரா. நட்சத்திரங்களைப் படமெடுத்து, பட்டியலோடு ஒப்பிட்டு, விநாடிக்குச் சில முறை தான் பார்க்கும் திசையைச் சொல்லும். நீண்டகாலத்துக்கு நம்பகமானது, ஆனால் ஒவ்வொரு அளவீட்டிலும் இரைச்சல் உண்டு. ஜைரோ நேர்மாறு. சுழற்சி வேகத்தை உடனுக்குடன் நுட்பமாகச் சொல்லும், ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக நழுவும். கால்மன் ஃபில்டர் என்ற கணக்கு இரண்டின் நல்ல பக்கத்தையும் சேர்த்து, கூடவே ஜைரோவின் நழுவலையும் மதிப்பிட்டுக்கொண்டே போகும்.

இதை வைத்துத்தான் உங்கள் 5 ஆர்க்செகண்டு டிராக்கரை எடைபோட வேண்டும். அந்த 5 முழுக்க முழுக்கத் தற்செயல் இரைச்சல் என்றால், 25 அளவீடுகளைச் சராசரி எடுத்தால் 1 ஆகிவிடும். அந்தச் சில விநாடிகளுக்கு ஜைரோ தாக்குப்பிடித்தால் போதும், புது டிராக்கர் வேண்டியதில்லை. ஆனால் அந்த 5-இல் ஒரு பங்கு லென்ஸின் திரிபாலும், நட்சத்திரம் பிக்சலின் எந்த ஓரத்தில் விழுகிறது என்பதாலும் வருவது. நட்சத்திரங்கள் பார்வைப் புலத்தில் மெல்ல நகரும்போது அந்தப் பிழையும் மெல்ல மாறும். எத்தனை நூறு அளவீடுகளைச் சராசரி எடுத்தாலும் அது குறையாது. விவரத்தாளில் இந்த இரண்டையும் பிரித்துத் தந்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொன்று, டிராக்கர் தன் பார்வை அச்சைச் சுற்றிய சுழற்சியைச் சொல்வதில் பல மடங்கு மோசமாக இருக்கும். அதனால்தான் இரண்டு டிராக்கர்களை வெவ்வேறு திசையில் மாட்டுகிறார்கள்.

ஃபில்டரை நம்புவதற்கும் எல்லை உண்டு. ஜப்பானின் ஹிட்டோமி எக்ஸ்-கதிர்ச் செயற்கைக்கோள் 2016 பிப்ரவரி 17 அன்று ஏவப்பட்டது, மார்ச் 26 அன்று உடைந்தது. ஒரு திருப்பத்துக்குப் பிறகு டிராக்கர் நட்சத்திரங்களைப் பிடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஃபில்டர் ஜைரோவின் நழுவலைத் தவறாக மதிப்பிட்டது: மணிக்கு 21.7 டிகிரி. மணிக்கு ஒரு டிகிரி என்பது விநாடிக்கு ஒரு ஆர்க்செகண்டு, ஆக இது விநாடிக்கு 21.7 ஆர்க்செகண்டு. அசையாமல் நின்ற செயற்கைக்கோள், தான் சுழல்வதாக நினைத்துக்கொண்டு சக்கரங்களால் எதிர்ப்பக்கம் திரும்பியது. உண்மையான சுழற்சி அப்போதுதான் தொடங்கியது. பிறகு டிராக்கர் சரியான திசையைச் சொன்னபோது, வித்தியாசம் ஒரு டிகிரிக்கு மேல் இருந்ததால் ஃபில்டர் அதை ஏற்கவில்லை. திசை தவறாக இருந்ததால் காந்தச் சுருள்களாலும் உந்தத்தைச் சரியாக இறக்க முடியவில்லை. கடைசியில் பாதுகாப்பு நிலைக்குப் போய் த்ரஸ்டர்களை இயக்கியபோது, அதற்கென்று சில வாரம் முன்பு ஏற்றியிருந்த அளவுகளும் தவறு. சுழற்சி அடங்காமல் கூடியது, சோலார் பேனல்கள் பிய்ந்து போயின. ஃபில்டரின் கணக்குக்கும் அளவீட்டுக்கும் முரண்பாடு வந்தால் யாரை நம்புவது என்ற முடிவு, துல்லியத்தைப் பற்றிய எந்த வடிவமைப்பிலும் முதல் நாளே எடுக்க வேண்டிய முடிவு. சூரிய உணரி போன்ற எளிய, தனித்த ஒரு சாட்சியை அந்த முடிவில் சேர்க்காமல் விடக்கூடாது.

அடுத்தது வெப்பம். டிராக்கர் மிகச் சரியாகச் சொன்னாலும், அது சொல்வது தன் திசையை. தொலைநோக்கியின் திசையை அல்ல. இரண்டுக்கும் இடையில் ஒரு தாங்கி இருக்கிறது. 30 சென்டிமீட்டர் உயரம், 20 சென்டிமீட்டர் அகலமுள்ள அலுமினியத் தாங்கி என்று எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரே ஒரு டிகிரி செல்சியஸ் சூடாகிவிட்டால், அந்தப் பக்கம் 7 மைக்ரான் நீளும். தாங்கி 7 ஆர்க்செகண்டு சாய்ந்துவிடும். உங்கள் தேவையைப்போல் ஏழு மடங்கு, அதுவும் டிராக்கருக்குத் தெரியாமலேயே. சுற்றுப்பாதையில் ஒவ்வொரு 95 நிமிடத்துக்கும் பகலும் இரவும் மாறி மாறி வருவதால் இந்தச் சாய்வு மூச்சுவிடுவதுபோல் போய் வரும். இன்னும் விலையுயர்ந்த டிராக்கர் இதற்கு மருந்தாகாது. டிராக்கரைத் தொலைநோக்கியின் ஒளியியல் மேடையிலேயே பொருத்துவது, வெப்பத்தில் அதிகம் நீளாத கார்பன் இழைச் சட்டம் பயன்படுத்துவது, வெப்பநிலையைக் கட்டிப்பிடித்து வைப்பது, இவைதான் வழி.

ஒளிப்பிறழ்ச்சியையும் மறந்துவிடக்கூடாது. செயற்கைக்கோள் ஓடும் வேகத்தால் நட்சத்திரங்கள் இடம் மாறித் தெரியும். பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தால் அதிகபட்சம் 20.5 ஆர்க்செகண்டு, தாழ்வான சுற்றுப்பாதையின் வேகத்தால் இன்னும் 5 ஆர்க்செகண்டு. இது கணக்குப் போட்டு முழுசாக நீக்கக்கூடிய பிழை. கடிகாரமும் சுற்றுப்பாதைத் தகவலும் சரியாக இருந்தால் போதும்.

இப்போது கட்டுப்பாட்டு நிரல். பிழையைப் பார்த்து, சக்கரத்துக்கு எவ்வளவு வேகமாகக் கட்டளை கொடுக்கலாம் என்பதற்கு இயற்கையே ஓர் எல்லை வைத்திருக்கிறது. சோலார் பேனல்கள் நீளமான, வளையும் பொருள்கள். அவற்றின் அதிர்வெண் 0.1 முதல் 1 ஹெர்ட்ஸ் வரை இருக்கலாம். பிழையை அளந்து திருத்திக்கொண்டே இருக்கும் கட்டுப்பாட்டு வளையத்தை அந்த வேகத்துக்கு அருகில் கொண்டுபோனால் அது பேனலை அடக்குவதற்குப் பதில் ஆட்டிவிடும். உணரியின் தாமதமும் சேர்ந்துகொள்ளும். எனவே உடல் முழுவதையும் திருப்பும் வளையம் பெரும்பாலும் ஹெர்ட்ஸில் ஒரு சிறு பங்கோடு நிற்கும். அதைவிட மெதுவான தொந்தரவுகளை அது நன்றாகவே அழித்துவிடும். வேகமானவற்றை அதனால் தொடவே முடியாது. விநாடிக்கு 50 தடவை வரும் சக்கர நடுக்கத்தை எந்த நிரலாலும் சக்கரத்தைக் கொண்டு சரிசெய்ய முடியாது.

ஹப்பிள் இதை ஏவிய ஆண்டிலேயே காட்டிவிட்டது. 1990-இல் அதோடு போன சோலார் பேனல்கள், சுருட்டி விரிக்கும் வகை. நிழலிலிருந்து வெயிலுக்கும் வெயிலிலிருந்து நிழலுக்கும் போகும் ஒவ்வொரு முறையும் அவற்றின் தாங்குகோல்கள் சூட்டில் வளைந்து, 10 விநாடிக்கு ஒருமுறை என்ற மெதுவான ஆட்டத்தைத் தொலைநோக்கிக்குக் கொடுத்தன. மென்பொருளை மாற்றி ஓரளவு அடக்கினார்கள். ஆனாலும் 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்ப் பேனல்களையே மாற்ற வேண்டியிருந்தது. 2002-இல் விறைப்பான பேனல்கள் வந்தன. ஆட்டத்தைப் பிறக்கும் இடத்திலேயே நிறுத்துவதுதான் எப்போதும் மலிவு.

திருப்பி முடித்ததும் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். 0.2 ஹெர்ட்ஸில் ஆடும், தணிப்பு விகிதம் (ஆட்டம் தானாக அடங்குவதன் அளவு) அரை விழுக்காடு மட்டுமே உள்ள பேனல், தன் ஆட்டத்தை இருபதில் ஒரு பங்காகக் குறைக்க எட்டு நிமிடம் எடுக்கும். திருப்பத்தைச் சட்டென்று தொடங்கிச் சட்டென்று நிறுத்தாமல், முடுக்கம் வழவழவென்று ஏறி இறங்கும்படி கட்டளையை வடிவமைத்தால் இந்த நேரம் பெருமளவு மிச்சமாகும். நிரலை மாற்றி லாபம் பார்க்கக்கூடிய சில இடங்களில் இது ஒன்று. இன்னொன்று அளவுத்திருத்தம். ஜைரோவின் அளவுகோலில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலே, 90 டிகிரி திருப்பத்தின் முடிவில் 32 ஆர்க்செகண்டு தவறிவிடும். ஏவிய பிறகு தெரிந்த நட்சத்திரங்களுக்கிடையே முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து இதைச் சரிசெய்துகொள்ள வேண்டும்.

ஒரு ஆர்க்செகண்டுக்குக் கீழே இறங்க, உலகம் முழுக்க நடைமுறையில் நின்ற வழி ஒன்றுதான்: தொலைநோக்கியையே உணரியாக்குவது. தொலைநோக்கியின் குவிதளத்தில் (ஒளி குவிந்து படம் விழும் இடம்) ஒரு வழிகாட்டி நட்சத்திரத்தைப் பிடித்து, அது நகர்வதைப் பார்த்துத் திருத்துவது. அப்போது தாங்கி எவ்வளவு வளைந்தாலும் கவலையில்லை, ஏனென்றால் அளப்பதும் படமெடுப்பதும் ஒரே ஒளிப்பாதை. ஹப்பிளில் இதற்கென்று மூன்று நுண்வழிகாட்டி உணரிகள் உள்ளன. ஜேம்ஸ் வெப் இன்னொரு படி போனது. வழிகாட்டி நட்சத்திரத்தின் நிலையை விநாடிக்கு சுமார் 16 முறை அளந்து, பல டன் எடையுள்ள உடலைத் திருப்புவதற்குப் பதிலாக ஒளிப்பாதையில் இருக்கும் ஒரு சின்ன ஆடியைச் சாய்த்துத் திருத்துகிறது. சக்கரங்கள் மெதுவான வேலையைப் பார்த்துக்கொள்ளும், ஆடி வேகமான வேலையை. கிடைத்திருக்கும் நிலைத்தன்மை ஆர்க்செகண்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில்.

இந்த வழிக்கும் பலவீனம் உண்டு: வழிகாட்டி நட்சத்திரத்தைத் தவறவிட்டால் எல்லாம் போயிற்று. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட யூக்ளிட் விண்தொலைநோக்கி அவ்வப்போது வழிகாட்டி நட்சத்திரங்களைப் பிடிக்க முடியாமல் திணறியது. சோதனைப் படங்களில் நட்சத்திரங்கள் புள்ளிகளாக இல்லாமல் சுருள் சுருளாக விழுந்திருந்தன. தரையில் மென்பொருளைத் திருத்தி எழுதி ஏற்றிய பிறகுதான், அந்த ஆண்டு அக்டோபரில், பிரச்சினை தீர்ந்தது.

சக்கரமே வேண்டாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. நட்சத்திரங்களின் இடத்தை அளந்த கையா, 6 மணி நேரத்துக்கு ஒரு சுற்று என்று மெல்லச் சுழன்றுகொண்டே வானத்தை வருடியது. அதன் சுழற்சியைச் சீராக வைத்திருந்தவை, மைக்ரோநியூட்டன் அளவில் நைட்ரஜன் வாயுவை ஊதும் த்ரஸ்டர்கள். நடுக்கம் தரக்கூடிய சக்கரம் எதுவும் ஓடவில்லை. அப்படியிருந்தும் தரவுகளில் குட்டிக் குட்டித் துள்ளல்கள் தெரிந்தன. கட்டமைப்பில் எங்கோ வெப்பத்தால் ஓர் இணைப்பு இடம் மாறிக்கொள்வது, தூசியளவு விண்கல் மோதுவது, இதெல்லாம்கூட அந்தக் கணக்கில் பதிவானது. இவ்வளவு நுட்பமான அளவீட்டில் உலோகத்தின் முனகல்கூட அறிவியலுக்குள் வந்துவிடுகிறது என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கும்.

சக்கரம் பழுதாவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1999-இல் ஏவப்பட்ட ஃபியூஸ் என்ற புற ஊதாத் தொலைநோக்கி 2001 இறுதியில் இரண்டு சக்கரங்களை இழந்தது. மிஞ்சிய இரண்டு சக்கரத்தோடு காந்தச் சுருள்களையும் சேர்த்துப் புது நிரல் எழுதிச் சில வாரங்களில் மீட்டார்கள். காந்தச் சுருளால் புலத்துக்குச் செங்குத்தாக மட்டுமே திருப்ப முடியும் என்பதால், எந்தத் திசையை எப்போது பார்க்கலாம் என்பதே பெரிய திட்டமிடலாகிவிட்டது. கோள்களைத் தேடிய கெப்ளர் தொலைநோக்கிக்கு 2012 ஜூலையில் ஒரு சக்கரமும், 2013 மே மாதத்தில் இன்னொன்றும் போயின. மிச்சம் இரண்டு. அப்போது பொறியாளர்கள் எடுத்த முடிவு அபாரமானது. தொல்லை கொடுத்துக்கொண்டிருந்த சூரிய அழுத்தத்தையே மூன்றாவது கையாக்கினார்கள். செயற்கைக்கோளின் சமச்சீரான முதுகில் ஒளி இரு பக்கமும் சமமாக விழும்படி, தன் சுற்றுப்பாதைத் தளத்தை ஒட்டிய திசைகளை மட்டும் பார்க்க வைத்தார்கள். சமநிலை நிலையற்றது, மெல்லச் சரியும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை த்ரஸ்டரைத் தட்டிப் பழைய இடத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்த நகர்வு தரவில் விட்ட தடத்தைத் தரையில் மென்பொருளால் கழித்தார்கள். எரிபொருள் தீர்ந்த 2018 அக்டோபர் வரை இப்படியே கோள்களைத் தேடியது. சூரியப் புயல்களின்போது உருவாகும் மின்னேற்றம் சக்கரத் தாங்கியின் உலோகக் குண்டுகளில் பொறியாகத் தாவி அவற்றைச் சொரசொரப்பாக்கியிருக்கலாம் என்று பின்னாளில் ஒரு விளக்கம் முன்வைக்கப்பட்டது. பீங்கான் குண்டுகளுள்ள தாங்கி கிடைத்தால் அதையே எடுங்கள்.

உங்கள் திட்டத்துக்கு மிக அருகில் இருக்கும் முன்னுதாரணம் ஆஸ்டீரியா. சுமார் 10 கிலோ எடை, ஆறு அலகுள்ள கியூப்சாட் (கனசதுர அலகுகளைச் சேர்த்துக் கட்டும் குட்டிச் செயற்கைக்கோள்). 2017 நவம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. அதன் ஸ்டார் டிராக்கரும் சக்கரங்களும் உடலை ஓரளவுக்கு நிறுத்தும். மிச்சத்தை, ஒளியுணரிச் சில்லைத் தாங்கிய ஒரு பீசோ மேடை (மின்னழுத்தம் கொடுத்தால் நுணுக்கமாக நகரும் மேடை) பார்த்துக்கொள்ளும். குவிதளத்தில் நட்சத்திரங்கள் எங்கே நகர்கின்றனவோ அங்கே சில்லும் சேர்ந்து நகரும். 20 நிமிடக் கவனிப்பில் 0.5 ஆர்க்செகண்டுக்கும் குறைவான நிலைத்தன்மை கிடைத்தது. 55 கேங்கிரி என்ற நட்சத்திரத்தின் முன்னால் அதன் கோள் கடந்துபோவதையும் அது பதிவுசெய்தது. உலகத்தின் மிகச் சிறந்த டிராக்கரைத் தேடிப் போகாமலேயே இதைச் சாதித்தார்கள்.

ஆகவே, கேட்டவருக்கு என் யோசனை. உங்கள் பிழைகளை ஒரு தாளில் எழுதுங்கள், ஆனால் காலத்தை வைத்துப் பிரித்து எழுதுங்கள். ஒரு கவனிப்பு முழுக்க மாறாமல் இருப்பவை, சுற்றுப்பாதைக்கு ஒருமுறை போய் வருபவை, சில விநாடிகளில் மாறுபவை, விநாடிக்குப் பலமுறை நடுங்குபவை. தற்செயலான பிழைகளை இருமடியாக்கிக் கூட்டி வர்க்கமூலம் எடுக்கலாம், 3-ம் 4-ம் சேர்ந்து 5 ஆகும். மாறாத பிழைகளையும், ஒரே காரணத்திலிருந்து வருபவற்றையும் அப்படிக் கூட்டாதீர்கள், நேராகக் கூட்டுங்கள். இல்லையென்றால் தாளில் அழகாக 1 வந்து நிற்கும், மேலே போனதும் 3 ஆகிவிடும்.

மாறாதவை பெரிதாக இருந்தால், விண்ணில் அளவுத்திருத்தம் செய்தால் போய்விடும், செலவே இல்லை. சுற்றுப்பாதையோடு மாறுபவை பெரிதாக இருந்தால் தாங்கியையும் வெப்பக் காப்பையும் பாருங்கள். விநாடிக் கணக்கில் மாறுபவைதான் பெரியது என்றால் அப்போது டிராக்கரையும் ஜைரோவையும் ஃபில்டரையும் பற்றிப் பேசலாம். வேகமான நடுக்கம் என்றால் சக்கரத்தின் அதிர்வு வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், தாங்கியில் தணிப்பான் போடுங்கள். முதல் மூன்றும் சேர்ந்து சில பத்து ஆர்க்செகண்டுக்குள் அடங்கிவிடும், ஆனால் ஒன்றுக்குக் கீழே இறங்கமாட்டேன் என்கிறது என்றால், டிராக்கருக்கு ஒதுக்கிய பணத்தைக் குவிதளத்தில் ஒரு பீசோ மேடைக்கோ சாயும் ஆடிக்கோ மாற்றிவிடுங்கள். அதற்கு முன் ஒரு கேள்வி மட்டும் மிச்சம்: உங்கள் பார்வைப் புலம் எங்கே திரும்பினாலும், விநாடிக்குப் பலமுறை அளக்கும் அளவுக்கு ஒளியுள்ள ஒரு வழிகாட்டி நட்சத்திரமாவது உள்ளே இருக்குமா? பார்க்க வேண்டிய இலக்குகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு இந்த வாரமே பார்த்துவிடலாம். புலத்தின் அகலமும் தொலைநோக்கியின் விட்டமும் அந்தப் பதிலைப் பொறுத்து மாற வேண்டியிருக்கும்.